ஏழு ஏழாய் இறங்குதல்

இருபத்திரண்டு வருஷம்
முட்டம் துறைமுகத்தில் ஏலம் விளித்தவள் நான்.
ஆயிரத்து நூறு, நூத்தம்பது, இருநூறு, ஒருதரம்,
மூச்சு வாங்காமல் மேலேறும் வாய்.

அன்றைக்கு ஒரு கூடை சாளை.
எண்ணூறு என்று நினைத்தேன்.
வாயில் வந்தது எட்டு.
கூட்டம் சிரித்தது.
நானும் சிரித்தேன், பாதி முகத்தால்.
மறுபாதி எனக்கு முன்னே வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள்.
வலது கை
பக்கத்துக் கட்டில்காரியுடையது போலக் கிடந்தது.
தொபியாஸ் கேட்பார், என்ன வேணும்?
அது.
எது?
வெள்ளையா, சின்னதா, குழம்புல கெடக்குமே, அது.

வீட்டுக்கு வந்தபின்
வாரம் மூணு நாள் மார்த்தாண்டத்திலிருந்து
ஸ்கூட்டரில் வருவாள் பிந்துஜா.
தரையில் நீல டேப் ஒட்டி
அதன்மேல் நடக்கச் சொல்லுவாள்.
நடந்தால் மட்டும் போதாது அவளுக்கு:
"நூறுலேந்து ஏழு ஏழா கொறச்சிட்டே நடங்க."

கால் தனியாக வரும்.
கணக்கு தனியாக வரும்.
ரெண்டும் சேர்ந்து வந்தால்
வாசல்நிலையில் தலை முட்டிக்கொள்ளும்.
தொண்ணூத்திமூணு, என்று நின்றேன்.
"நிக்கக் கூடாதும்மா."

உனக்குத் தெரியாது பிந்துஜா.
என் தொழிலில் எண் இறங்காது.
இறங்கினால் வள்ளக்காரன் முகம் இறங்கும்,
வட்டிக்காரன் படியேறுவான்.
கீழே போக ஒரு படிக்கட்டு
என் நாக்குக்கு யாரும் கட்டவில்லை.

மத்தியானம் பயறு பொறுக்கல்.
சிறுபயறு இந்தக் கிண்ணத்தில்,
துவரை அந்தக் கிண்ணத்தில்,
வலது கையால் மட்டும்.
பாதி தரைக்குப் போகும், கோழிக்கு நல்ல காலம்.

ராத்திரி தூக்கம் வராது.
கலங்கரை விளக்கின் வெளிச்சம்
சுவரைத் தொட்டுப் போவதை எண்ணுவேன்.
பதினாறு, பதினேழு, எழுபத்தொண்ணு.
தப்பு.
திரும்ப ஒன்றிலிருந்து.
அந்த விளக்குக்குக் கோபமே கிடையாது.

ஆறாவது வாரம் ஒரு பரீட்சை.
ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை மீன் பெயர் சொல்ல முடியும்?
சாளை.
நெத்திலி. அயிலை.
வாளை.
அப்புறம் நெடுநேரம் வெறும் கடல்.
குதிப்பு, என்றேன்.
பேனா நின்றது.
"குதிப்பு எக்சர்சைஸ் அம்மா, மீன் சொல்லுங்க."
அடித்துவிட்டாள்.

"எக்சர்சைஸா? எடி பொண்ணே,
வெள்ளிக்காசு மாதிரி மினுங்கும்,
வாயில வச்சா கரையும்,
நேத்து வரைக்கும் கூடை கூடையா நான் வித்த மீனு,
தேன் திங்கிற ஊர்க்காரிக்கு என்ன தெரியும்,
எழுது, திருப்பி எழுது!"

நிமிஷம் முடிந்து போன் மணியடித்தது.
யாரும் அதை நிறுத்தவில்லை.
நாற்பது நாளில் அந்த வீடு
அவ்வளவு நீளமாக ஒரு பேச்சைக் கேட்டதில்லை.
தொபியாஸ் அடுக்களையிலிருந்து
கரண்டியோடு வந்து நின்றார்,
கரண்டியிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

குதிப்பு, என்று மறுபடி எழுதினாள்.
ஐந்து.

இப்போது விடியுமுன் ஈரமணலில் நடக்கிறேன்.
இடது கால் தடம் வைக்கும்,
வலது கால் கோடு இழுக்கும்.
துறைமுகத்தில் கிளாடிஸ் விளிப்பது காற்றில் வருகிறது.
வேகம் போதாது அவளுக்கு,
மூணாம் தரத்துக்கு முன்னால் இருமுகிறாள்.
அவள் எண்கள் ஏற ஏற
நான் இந்தப் பக்கம் இறங்குகிறேன்.
அறுபத்தஞ்சு. அம்பத்தெட்டு. அம்பத்தொண்ணு.
ஒரு அலை வந்து முழங்காலை நனைத்தது,
எண்ணைக் கொண்டுபோய்விட்டது.
நிற்கவில்லை.
அம்பத்தொண்ணு. நாப்பத்திநாலு.
முப்பத்தேழு என்பதற்குள் பாறைக்கூட்டம் வந்துவிட்டது,
திரும்பினேன்.
பதினாறு.
ஒம்பது.
ரெண்டு.

அதற்குக் கீழே ஏழு இல்லை.
கூடையடியில் ரெண்டு மிஞ்சினால்
யாரிடமும் கேட்காமல்
மடியில் போட்டுக்கொள்வது என் வழக்கம்.